எர்னஸ்டீனின் மேஜை

யார் கையிலாவது வெங்காயத்தைத் திணித்துவிட்டுத்தான் எர்னஸ்டீன் மூசோன் பேச்சையே தொடங்குவாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சமும் அவர்களை விலைக்கு வாங்கிய வெள்ளையரின் வம்சமும் சேர்ந்து சமைத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டுப் பேசுகிறோம். முதல் கூட்டத்தில் ஹாரியட் கிளேபோர்ன் வாயைத் திறந்ததுமே அழுதுவிட்டார். அவருடைய முன்னோரின் நெல்வயலில்தான் என் முன்னோரும் எர்னஸ்டீனின் முன்னோரும் சேற்றில் உழைத்துச் செத்தார்கள். எர்னஸ்டீன் அவரிடம் வெங்காயமும் கத்தியும் நீட்டினாள்.

"அழணும்னா இதை நறுக்கிக்கிட்டே அழுங்கம்மா. வெண்டைக்காய்க் குழம்பு காத்துக்கிட்டிருக்கு."

கூடமே சிரித்தது, ஹாரியட்டும்தான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த என் பேச்சை அன்று யாருமே கேட்கவில்லை.

அவளுக்குப் பிழைப்பு பள்ளிப் பேருந்து ஓட்டுவது. மேஜையையும் அப்படித்தான் ஓட்டுகிறாள். ஒருவர் பேச்சை இழுத்துக்கொண்டே போனால், "உங்க ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க" என்பாள். போதகரையே இறக்கிவிட்டிருக்கிறாள். ஒரு காலில் சிவப்புக் காலுறை, இன்னொன்றில் பச்சை. நான் அப்படி வந்தால் பைத்தியம் என்பார்கள், அவள் வந்தால் அழகாம்.

ஹாரியட் தன் பரம்பரைப் பைன் மரக்காட்டை விற்று, அந்தப் பணத்தை எங்கள் மேஜையின் பொதுநிதியில் போட்டார். அந்த நிதியில், எங்கள் தெருமுனையில் பூட்டிக் கிடந்த கடையை வாங்கினோம். அதை யார் நடத்துவது என்பதை மேஜையில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். எர்னஸ்டீன் சாப்பாட்டுக் கடைக்குக் கேட்டாள். நான் லாண்டரிக்குக் கேட்டேன். கடற்கரை ஓட்டலில் ஊரார் படுத்த விரிப்புகளைத் தேய்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கென்று ஒரு கதவு, அதன் மேல் வெர்டெல் என்று என் பெயர், அவ்வளவுதான் என் ஆசை.

முடிவு நாளன்று ஹாரியட் உணர்ச்சிவசப்பட்டு, கடைச் சாவியை எடுத்துப் போய் எர்னஸ்டீனிடமே நீட்டினார். "இது எங்க குடும்பத்தோட பரிசு."

பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை. "உங்க முப்பாட்டனாரும் இப்படித்தாம்மா, யாருக்கு என்னன்னு அவரே முடிவு பண்ணினாரு. சாவியை மேஜையில வைங்க."

ஹாரியட்டின் முகம் சிவந்துபோயிற்று. "தப்புதான்" என்று வைத்துவிட்டார். பாவி, அதைச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை?

போதகர் கை தூக்கச் சொன்னார். தனக்குத் தானே கை தூக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். கை தூக்காத மிச்சம் நானும் எர்னஸ்டீனும்தான்.

"சாப்பாட்டுக் கடைக்கு இன்னும் யாராவது?" போதகர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"லாண்டரிக்கு?"

எர்னஸ்டீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாவு ஒட்டிய கையை அப்படியே தூக்கினாள்.