பனியில் ஆற வைத்த வாளிகள்

வெந்நீரில் குளிப்பதற்காக ஒரு மனிதன் ஊர்விட்டு ஊர் போய் அறை எடுத்துத் தங்குவான் என்று ஷார்ஜாவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள். இங்கே மே மாதம் பிறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் நிற்கிற தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீராக வைத்துக்கொள்வோம். சிவப்புக் குழாயில் குளிர்ந்தது, நீலக் குழாயில் கொதிப்பது. ஹீட்டர் இல்லாத தொழிலாளர் கேம்ப்களில் முந்தின நாளே வாளி வாளியாகப் பிடித்து ஆற வைப்பார்கள். தண்ணீரை ஆற வைத்துக் குளிக்கிற கூட்டம் நாங்கள்.

நான் கீழக்கரை செய்கு அலாவுதீன். ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளின் இஞ்சின் விற்கிற கடை என்னுடையது. பழனிச்சாமி என் கடையில் இஞ்சின் கழற்றுகிறவன். முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர், என்னைவிடப் பத்து வயது இளையவன். கோபமே வராது. அவனுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொள்வேன்.

2005 கடைசியில் ஒருநாள் அவன் மனைவி உமாராணி கடைக்கு போன் போட்டாள்.

"அண்ணே, இவரு ஊருக்கு வந்து ஆறு வருசமாச்சு. வருசா வருசம் வேலை இருக்கு, வேலை இருக்குங்கிறாரு. அங்க வேற யாரும் இருக்காகளா? உண்மையச் சொல்லிருங்கண்ணே."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப இந்தப் பங்குனிக்கு வரச் சொல்லுங்க. வரலைன்னா இனிமே வரவே வேணாம்னு சொல்லிருங்க."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேறு ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கு இருந்தது ஒரு முதுகு. என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு கராஜில் வேலை பார்த்தபோது, கொதித்து நின்ற லாரியின் ரேடியேட்டர் மூடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சட்டென்று திரும்பிக்கொண்டதால் முகம் தப்பியது. கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்துபோனது. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு அவன் சட்டையில்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. ரூமில் குளிக்கும்போதும் பனியனோடுதான் குளிப்பான், அதுவும் நன்றாக ஆறிய தண்ணீரில். நானே அந்த முதுகைப் பார்த்ததில்லை.

உமாராணி சொன்னதை அப்படியே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நட்டுகளைத் துடைத்தான்.

"அவ பயந்துருவா பாய்."

"அவ எதுக்குப் பயப்படுறா, எதுக்குப் பயப்படலைன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினேன். அவன் அடுத்த நட்டை எடுத்துத் துடைத்தான். சுவரோடு பேசிய மாதிரிதான்.

ஜனவரியில் இஞ்சின் எடுக்க ஜப்பான் போனபோது அவனையும் கூட்டிப்போனேன். நகோயா பக்கம் நகஹாரா என்பவருடைய பழைய வண்டி யார்டில்தான் நாங்கள் சரக்கு எடுப்பது. ஐம்பது வயது, குட்டையான மனிதர். பாகிஸ்தான் வியாபாரிகளோடு பழகிப் பழகி 'அச்சா', 'பாய்', 'ஜல்தி' எல்லாம் அவர் வாயில் புரளும். கன்டெய்னர் ஏற்றி முடித்ததும், அவ்வளவு தூரம் வந்தவர்களை அப்படியே அனுப்ப முடியாது என்று, எங்கள் இருவரையும் மலைநாட்டில் ஸுவா என்கிற ஏரியின் கரையிலிருந்த ஹோட்டலுக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார்.

ஏரி எங்கே என்று கேட்டேன். அவர் ஜன்னலைக் காட்டினார். மைதானம் போல வெள்ளையாகக் கிடந்ததுதான் ஏரி. முழுக்க உறைந்திருந்தது. நான் கடலோரத்தில் பிறந்தவன், தண்ணீரை எத்தனையோ விதமாகப் பார்த்தவன். அலையில்லாமல், ஓசையில்லாமல், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே கல்லாகக் கிடக்கும் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். சுற்றிலும் மலைகள், மலைகள் மேல் பனி. அந்தக் குளிருக்கு நடுவில், கரையிலேயே, தரைக்குள்ளிருந்து வெந்நீர் தானாகப் பொங்கி வருகிறது. அடுப்பில்லை, ஹீட்டரில்லை. சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. பழனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான்.

குளிக்கப் போகலாம் என்றார் நகஹாரா. உள்ளே போக ஒரு சட்டம் உண்டு: உடம்பில் பொட்டுத் துணி இருக்கக்கூடாது. எல்லோரும் ஒன்றாக, பிறந்த மேனியாக. எனக்கு அது ஆகாது. கைலியோடு இறங்கலாமா என்று கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். சரி, அறையிலிருந்த தொட்டியே போதும் என்று விட்டுவிட்டேன். பழனிச்சாமி குளியலறை வாசல்வரை போனவன் திரும்பி வந்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னப்பா?"

"என்னைய மாதிரி ஆளுக உள்ள வரக்கூடாதுன்னு படமே போட்டு வெச்சுருக்காங்க பாய்."

போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு பலகை. அதில் ஒரு மனிதன் முதுகைக் காட்டி நிற்கிறான், முதுகு முழுக்க ஏதோ கோடும் வளைவுமாக இருக்கிறது, மேலே சிவப்பாகக் குறுக்குக் கோடு. எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாது. அவன் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது. ஆசையாகக் கூட்டிவந்து இப்படி ஆயிற்றே என்று எனக்கு அந்த ஹோட்டல் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் விடியற்காலை பஜ்ரு தொழுது முடித்துப் பார்த்தேன், பழனிச்சாமியின் படுக்கை காலி. தேடிப்போனால், குளியலறைக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வெளியே வானம் பார்க்கிற குளம், பாறைகள் அடுக்கிக் கட்டியது. ஆவி எழும்பி ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. நிலத்தில் விழுந்தது நின்றது, தண்ணீரில் விழுந்தது அந்தக் கணமே காணாமல் போனது. நான் வந்த காரியத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு குளிரையும் இவ்வளவு சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம்தான் வாளிகளைப் பார்த்தேன். குளிப்பவர்கள் மொண்டு ஊற்றிக்கொள்ள வைத்திருந்த சின்ன மரவாளிகள் அத்தனையிலும் குளத்து வெந்நீரை மொண்டு, பனியில் வரிசையாக வைத்திருந்தான் பழனிச்சாமி. அவன் பனியனும் துண்டுமாகப் பக்கத்தில் குந்தி, நடுங்கிக்கொண்டு காவல் இருந்தான்.

"என்னடா பண்றே?"

"ஆற வெச்சுருக்கேன் பாய். ஆள் வர்றதுக்குள்ள ரெண்டு வாளி ஊத்திட்டுப் போயிரலாம்னு. ஆனா மொத வாளி அதுக்குள்ள ஐஸாப் போச்சு."

ஷார்ஜாக்காரனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவன் ஷார்ஜாக்காரன்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து நகஹாரா வந்தார், தலையில் மடித்த சிறு துண்டு தவிர வேறொன்றும் இல்லாமல். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் வாளி வரிசையைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பனியனைக் காட்டி, கூடாது என்று கையசைத்தார்.

பழனிச்சாமி வாசல் பக்கம் கைகாட்டி, தன் முதுகைக் காட்டி, காற்றில் ஒரு குறுக்குக் கோடு போட்டான். நகஹாராவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"தட், டாட்டூ. பிக்சர். ரௌடி பீப்பிள்" என்றார். "யூ, பிக்சர்?"

பச்சை குத்தியவர்களுக்குத்தான் அந்தப் பலகை. அவன் முதுகிலும் அப்படிப் படமா என்று அவர் கேட்கிறார். அதற்குப் பதிலை வாயால் சொல்ல பழனிச்சாமிக்கு மொழியில்லை. என்னைப் பார்த்தான். மெதுவாகப் பனியனைத் தலைவழியாகக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றான்.

ஆறு வருடமாக அவன் மறைத்ததை நானும் பார்த்தேன். தோல் உருகிச் சுருங்கி, முதுகு முழுக்க முடிச்சு முடிச்சாக இறுகியிருந்தது. பார்வையை எடுத்து நகஹாராவின் முகத்துக்குத் திருப்பினேன்.

நகஹாரா முகம் சுளிக்கவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. "நோ ப்ராப்ளம், பாய்" என்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். தான் பின்னால் உட்கார்ந்து, துண்டில் சோப்பைக் குழைத்து, அந்த முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார். அங்கே ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவது வழக்கமாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நம்மூர்க் கம்மாயில் கூடக் குளிக்கிறவன் முதுகைத் தேய்த்துவிடுவது போலத்தான் இருந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, எல்லா முதுகையும் போல. பழனிச்சாமி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவர் நிறுத்தவில்லை.

பிறகு கையைப் பிடித்து அவனைக் குளத்தில் இறக்கினார். கால் பட்டதும் பின்வாங்கினான். மறுபடி வைத்தான். முழங்கால், இடுப்பு, மார்பு. கடைசியில் கழுத்துவரை அமர்ந்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டான். அவன் தலைமுடியில் பனி விழுந்து வெள்ளையானது. ஏரியில் எங்கோ பனிக்கட்டி விரிசல் விட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. வெளிச்சம் வரவர ஏரி நீலமாகி, பிறகு தங்கமாகியது. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டேன்.

ஷார்ஜா திரும்பிய வாரமே அவன் வந்து லீவு கேட்டான். டிக்கெட்டை நானே போய் எடுத்து வந்தேன், மனசு மாறிவிடுவானோ என்று பயம்.

பங்குனியில் உமாராணி போன் போட்டாள். அவன் வந்து சேர்ந்துவிட்டதைச் சொன்னாள்.

"அடிபம்புக்கிட்ட உக்காந்து சட்டையக் கழட்டிட்டு, முதுகு தேய்ச்சு விடுன்னாருண்ணே."

"நீ என்னம்மா பண்ணே?" என்றேன்.

"தேய்ச்சு விட்டேன். எரியுமோன்னு தண்ணிய வெதுவெதுன்னுதான் கொண்டாந்தேன்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சூடு பத்தலைங்கிறாருண்ணே."