ஏழு கை ஜந்துவும் என் சம்பந்தியம்மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் மகளின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோனது. காரணம் ஏழு கைகள் கொண்ட, நீல நிறத்தில் வழவழவென்று இருந்த ஒரு ஜந்து.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேனே.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருகிற படம் என்றால் நான் எதையும் விடமாட்டேன். கறுப்பு வெள்ளை, கலர், கொரியன், ரஷ்யன்... சப்டைட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வந்து இறங்குகிறவர்கள் பேசுவது படத்தில் இருக்கிறவர்களுக்கே புரியாதே?

அதிலும் எனக்குப் பிடித்தவை சாதுவான படங்கள். வந்தவர் துப்பாக்கி எடுக்கக்கூடாது. நம் ஆட்களும் எடுக்கக்கூடாது. இருவரும் எதிரெதிரே நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்க வேண்டும். அந்த விழிப்பைப் பார்ப்பதற்காகவே இரண்டு மணி நேரம் உட்காருவேன்.

என் கணவர் சேகரனோ, விண்கலம் தரை தொடுகிற வரைக்கும்தான் கண் திறந்திருப்பார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசியின் முகத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தேன்மொழி ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அவளுக்குப் பிரணவன் என்கிற பையனைப் பிடித்துப்போனது. நல்ல பையன். கணக்காளர். சிலோன் தமிழ்க் குடும்பம். அவன் அப்பா காட்டு இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தவர். அம்மா சிவமலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

நாங்கள் அதே ஊரில், புந்தோங்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டுக்காரர்கள். நான் பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். இன்றைக்கு அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை.

இரண்டு வீட்டிலும் ஒரே மொழி, ஒரே சாமி. ஆனாலும் பெண் கொடுப்பது, எடுப்பது என்று வந்தால் இரண்டு பக்கமும் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வோம். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்... ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

தேதி பேசுவதற்காக அவர்கள் வரப்போகிறார்கள் என்றதும் தேன்மொழி என்னைச் சமையலறையில் மடக்கினாள்.

"ம்மா, ப்ளீஸ்லா. ஏலியன் கதை மட்டும் வேண்டாம். பிரணவன் அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அவள் பயம் நியாயமானதுதான். போன தீபாவளிக்கு வந்த அவளுடைய கிளினிக் டாக்டரிடம் நான் ஒரு படத்தின் கதையை முழுவதும் சொன்னேன். அந்த மனிதர் மட்டன் பிரட்டல் ஆறிப்போக, கையில் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்தார். நானும் இந்த முறை வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன்.

வந்தார்கள். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வைத்தேன். கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன புந்தோங்கில் இருந்துகொண்டு அதை வைக்காமல் இருக்கமுடியுமா? அந்தக் கடலைத் தட்டையும் வைத்தேன். சிவமலர் அக்கா முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் மழையைப் பற்றிப் பேசினார். பிரணவனின் அப்பா தலையாட்டினார். மறுபடியும் மழை. மறுபடியும் தலையாட்டல். மழையும் தீர்ந்துபோனது.

கடலை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்த அமைதியைத் தாங்கமுடியாமல் என் கணவர் ரிமோட்டை எடுத்தார். ஏதாவது நாதஸ்வரம் போடலாம் என்று நினைத்தாராம். ஆனால் டிவிக்கு என்ன தெரியும்? முந்தின நாள் நான் எந்த இடத்தில் நிறுத்தினேனோ, அங்கிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டது.

கடலோர மீனவக் கிராமம். படகுகளுக்கு மேலே தொங்குகிற விண்கலம். அதன் வயிறு பிளந்து, சளி ஒழுக, ஏழு கைகளையும் விரித்துக்கொண்டு அந்த ஜந்து இறங்கியது. ஐம்பத்தைந்து இன்ச் திரையில், வரப்போகும் சம்பந்தியின் முகத்துக்கு நேரே. சத்தம் வேறு முழுசாக இருந்தது.

தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். என் கணவர் ரிமோட்டில் எல்லாப் பட்டனையும் அழுத்தினார். படம் நின்றது. ஜந்து மட்டும் கைகளை விரித்தபடி அப்படியே நின்றது.

சிவமலர் அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் கைம்பெண்ணோட சேர்ந்து இது மீன் கழுவுற இடம் ஒண்டு வருமே. அதுக்கு முன்னமோ, பிறகோ?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "முன்னாடிக்கா," என்றேன்.

சத்தியம் அதோடு போனது.

அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டில் வேறு யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு தினம் ஒரு படம் பார்க்கிறாராம். நான் பார்த்ததையெல்லாம் பார்த்திருந்தார். நான் பார்க்காததையும் பார்த்திருந்தார்! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிரணவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் அம்மா மத்தியானங்களில் தேவாரம் படிக்கிறார் என்றே இத்தனை நாளும் நம்பியிருக்கிறான்.

ஆனால் ரசனைதான் இடித்தது. அவருக்குப் பிடித்தது சண்டைப் படங்கள். எதற்கு வந்தான் என்று தெரியாதவனை வீட்டுக்குள் விடுவது முட்டாள்தனம் என்றார். முதலில் தண்ணீராவது கொடுத்துவிட்டுக் கேட்கலாமே என்றேன் நான். அப்படியே பேச்சு வளர்ந்து, உண்மையிலேயே ஒரு விண்கலம் இறங்கினால் அவர்களோடு யார் பேசவேண்டும் என்கிற இடத்துக்கு வந்தது.

படித்தவர்கள்தான் முதலில் பேசவேண்டும் என்றார் அவர். சாதாரண ஜனங்கள் பயந்துபோய் எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்களாம். அதனால் விவரம் தெரிந்த நாலு பேர் போய், மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வரவேண்டும்.

எனக்குள் என்னவோ சுர்ரென்று ஏறியது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"எல்லா எடத்துலயும் கிராணிதான் போய் நமக்காகப் பேசணுமாக்கா?"

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். எங்கள் தோட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சிலோன் தமிழர்கள்தான். ஒருமுறை அப்பா காய்ச்சலில் கிடந்தார். புதிதாக வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பாவுக்காகப் பேசப்போன கிராணி, குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பா கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். அதற்குப் பிறகு ஆபீஸ் படியையும் அவர் மிதிக்கவில்லை.

இதையெல்லாம் நான் என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு, தேதி பேச வந்தவர்கள் முன்னால், கடலைத் தட்டை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

முடித்த பிறகுதான் தேன்மொழியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. போச்சு... எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சிவமலர் அக்கா எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"எங்கட அப்பாவும் கிராணிதான். சுங்கை சிப்புட் பக்கம். ஆக்களுக்காகப் போய்த் துரையோட கதைப்பார். வீட்ட வந்து, என்ன சொன்னனான், என்ன சொல்லாம விட்டனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லிச் சிரிப்பார். நான் சின்னப் பிள்ளை." கைக்குட்டையை மேசையில் வைத்தார். "நானும் சேர்ந்து சிரிச்சிருக்கிறன்."

அவ்வளவுதான். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. இருவரும் எதிரெதிரே விழித்துக்கொண்டிருந்தோம். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரசிக்கிற அதே விழிப்பு... நாமே அப்படி விழிக்கும்போது கொஞ்சமும் ரசிக்க முடிவதில்லை.

எங்களைக் காப்பாற்றியது பிரணவனின் அப்பா. அதுவரை தலையாட்டலைத் தவிர வேறெதுவும் செய்யாத மனிதர், திரையைக் கையால் காட்டினார்.

"அது பாவம், எவ்வளவு நேரம் கையை விரிச்சுக்கொண்டு நிக்கும்? போட்டு விடுங்கோ. பிறகு என்ன நடந்தது எண்டு பாப்பம்."

சேகரன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

படத்தைக் கடைசி வரை பார்த்தோம். மீன் கழுவுகிற காட்சியில் சிவமலர் அக்கா முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்ததும், கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினார்கள். கார் முனை திரும்பியதும் தேன்மொழி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாணத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லையே என்றாள். உண்மைதான். நான் மறந்தே போயிருந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை காலை சிவமலர் அக்கா போன் செய்தார். படத்தின் முடிவு தவறு என்றார். அந்தக் கைம்பெண் கிராமத்தில் நின்றிருக்கக்கூடாதாம், விண்கலத்தில் ஏறிப் போயிருக்க வேண்டுமாம். நான் மறுத்தேன். இருபது நிமிடம் சண்டை போட்டோம். தேன்மொழி வேலைக்குக் கிளம்பாமல், பையை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள்.

கடைசியில், ஏதோ மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார். வைகாசியில் இரண்டு முகூர்த்தம் இருக்கிறது, எது வசதியோ நாங்களே பார்த்துச் சொல்லவேண்டுமாம்.

"இன்னொண்டு. மண்டபத்தில வரவேற்புரை நீங்கதான் பேசோணும். எங்கட பக்கத்தால ஒருத்தரும் பேசமாட்டம்."

நான் தேன்மொழிக்குத் தலையசைத்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.

எத்தனையோ கிரகத்து ஆட்கள் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டேன். மொழி தெரியாதவரோடு பேசுவதற்குக் கைஜாடை போதும் — நம் மொழியையே பேசுகிறவரோடு பேசத்தான் இரண்டு தலைமுறை ஆகிறது.