விதிவிலக்குக்காகக் கூட்டிப் பெருக்கிய வீடு

விலக்கு கேட்கிற வீடு சுத்தமாக இருக்கக் கூடாது என்பதைச் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. அமெரிக்காவில், சான் ஹோசேயில் ஒரு மாடிக் குடியிருப்பில்தான் அதைக் கற்றேன்.

அப்போது அரசு உதவித்தொகை வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழர்களில் அப்படியும் இருக்கிறார்களா என்று இங்குள்ள சாப்ட்வேர் வீடுகளில் கேட்பார்கள். இருக்கிறார்கள். அந்த வீட்டில் மூன்று பேர்: கொங்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண், அவளுடைய சின்ன மகள், பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன மாமியார். கணவன் வேறொருத்தியோடு டெக்சாஸுக்குப் போய்விட்டான். மனைவியோடு பெற்ற தாயையும் விட்டுவிட்டுத்தான் போனான். ஆனால் மகன் போனதற்கு மருமகளே காரணம் என்பதில் அந்த அம்மாளுக்கு ஐயமில்லை.

உதவித்தொகை பெறுகிறவர் வாரந்தோறும் குறிப்பிட்ட நேரம் வேலைக்கோ பயிற்சிக்கோ போக வேண்டும். தனியே விட முடியாத நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அது அவளுக்கு இருந்தது. டாக்டரின் சான்று பழையதாகிவிட்டதால், புதுப்பிக்கும் முன் நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாயிருந்தது. எதையும் மாற்றாமல் இருக்கிறபடியே வைத்திரு என்று முந்தின நாளே போனில் சொன்னேன். சரி என்றாள்.

போய்ப் பார்த்தால் வீடு பளிச்சென்றிருந்தது. கழிப்பறை நாற்காலியைப் பால்கனியில் தள்ளிப் போர்வையால் மூடியிருந்தாள். படுக்கையின் ரப்பர் விரிப்பைக் காணவில்லை. மாமியார் அரக்குப் பட்டுச் சேலையும் திருநீறுமாகச் சோபாவில் வீற்றிருந்தார். சாம்பிராணி வேறு.

"ஆபீசர் வீட்டுக்கு வர்றாங்க. மூத்திர வாடையில எப்படிங்க்கா உக்காரச் சொல்றது?" என்றாள்.

அந்த உடம்பைக் குளிப்பாட்டி உடுத்திவிட விடிகாலையிலிருந்து அவள் பட்ட பாடுதான் அதிகாரி பார்க்க வேண்டியது. அதைத்தான் துடைத்து எடுத்திருந்தாள். நாற்காலியை உள்ளே இழுப்பதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

அதிகாரி கனிவான பெண். காப்பியை வாங்கிக்கொண்டார். நோயாளியை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் கேட்பது அவமதிப்பு என்று பயின்றவர் போலும், மாமியாரிடமே கேட்டார்: குளிக்க, கழிப்பறை போக யார் உதவுகிறார்கள்?

மாமியார் மருமகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "யாரு உதவோணும்? எல்லாம் நானேதான் பண்ணிக்கறேன். இவ உக்காந்து திங்கறதுக்கு என்னைய நொண்டியாக்கறா. அப்படியே சொல்லு கண்ணு."

அப்படியே சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே என் வேலை. நான் ஒரு சொல்லை விழுங்கினால், அடுத்த தமிழ் வீட்டில் எந்தச் சொல்லும் நம்பப்படாது. இன்றும் அப்படியேதான் செய்வேன். அந்த நியாயத்தால் அவளுக்கு நேர்ந்தது எதுவும் குறைந்துவிடவில்லை.

பாட்டி நேற்றுகூடப் படுக்கையை நனைத்துவிட்டாள் என்று சிறுமி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அளவு ஆங்கிலம் மாமியாருக்குப் புரியும். சோபாவின் கையைப் பற்றி எழுந்தார். இடக்காலை இழுத்துக்கொண்டே சாப்பாட்டு மேசைவரை நடந்து, அதைப் பிடித்து நின்றார். தாங்க ஓடிய மருமகளிடம் "தொடாத" என்றார். மாதக்கணக்காக இவர் இப்படி நடந்ததேயில்லை, விழுந்துவிடுவார் என்று அவள் பதறினாள். அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி அதற்குள் கைதட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகிழ்ச்சி உண்மையானது.

அவர் படியிறங்கிய பிறகுதான் மாமியார் தரையில் சரிந்தார். பட்டு நனைந்திருந்தது. மருமகள் வாளியும் துணியும் கொண்டுவந்தாள்.

"இப்பப் போடி வேலைக்கு" என்றார் மாமியார், கிடந்தபடியே.

விலக்கு மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அதற்குப் புதுச் சான்று வேண்டும். டாக்டரிடம் வர மாமியார் மறுத்துவிட்டார். உதவித்தொகை நின்றால் குடியிருக்க இடமில்லை. அவள் ஒரு ஹோட்டலின் சலவையறையில் துணி மடிக்கப் போனாள்.

சில வாரங்கள் கழித்து அந்த ஹோட்டலுக்கு எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்தில் அவளைச் சந்தித்தேன். பகலில் அத்தையை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். படுக்கை நனையாமலிருக்கக் காலைக் காப்பியைப் பாதியாக்கிவிட்டதாகவும், திரும்பி வரும்வரை தண்ணீரைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவதாகவும் சொன்னாள். பள்ளி விட்டு வரும் மகளுக்கும் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு.

தண்ணீர் கேட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"கேக்க மாட்டாங்க. கேக்கறதுன்னா என்கிட்டத்தானுங்க்கா கேக்கோணும்."