பொய்யில் ஊருக்குப் போன பிள்ளை

பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறேன். தினமும் பொன்னேரி பஸ் பிடித்து மீன் விற்கப் போவேன். மகனுக்கு ஊசி போட்டாலே காய்ச்சல் வரும். இரண்டு நாள் கூடையைத் தூக்க முடியாது. அதனால் ஒன்பதாம் மாத ஊசிக்கு நர்சம்மா வாசலில் வந்து கூப்பிட்டபோது, "புள்ள எங்கம்மா வூட்ல, ஆரம்பாக்கத்துல கீறான்" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். அவன் உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. தட்டம்மை. நான் தட்டிக்கழித்த ஊசி இதைத் தடுக்கத்தான். வீடு வீடாக விசாரித்து வந்த நர்சம்மா என்னைப் பார்த்ததும், "நல்லவேள, உன் புள்ள இங்க இல்ல. கொஞ்ச நாள் அங்கியே இருக்கட்டும்மா" என்றார்.

உள்ளே போய் அவனைத் தூக்கிவந்தேன்.

"இங்கதாம்மா இருந்தான். பொய் சொல்லிட்டேன். நேத்து அந்தக் கொழந்தையோட ஒரே பாயில வெளாண்டான்."

அவர் திட்டவில்லை. "நேத்துதான? சீக்கிரம் போட்டா தடுக்கப் பார்க்கலாம், கெளம்பு" என்றார். டாக்டர் பார்த்து, அன்றே ஊசி போட்டார்கள். பிறகு இரண்டு வாரம், காலையில் எழுந்ததும் அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்ப்பதே எனக்கு வேலை. நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை.

இப்போது என் மகனுக்கு ஊசி என்றால் என் கூடை மீனையும் ஓரகத்தி கொண்டுபோய் விற்கிறாள். அவள் பிள்ளைக்கு என்றால் நான். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். நர்சம்மாதான் இன்னும் விடுவதில்லை:

"இன்னாம்மா, ஆரம்பாக்கத்துலேர்ந்து வந்துட்டானா?"