குதிகாலில் ஈரம்

தையல்காரம்மா எப்போதும் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஜன்னல் வெளிச்சம் துணியில் விழ வேண்டுமே. காய்ச்சலில் இரண்டு காதும் போன பிறகும் இடத்தை மாற்றவில்லை. முதுகுப் பக்கத்தை வாத்தியார் பார்த்துக்கொண்டது. வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் நாய்க்கு அந்தப் பெயர். கதவு தட்டினால், பால் பொங்கினால், குழாய் ஓடினால், வந்து ஈர மூக்கை அவர் குதிகாலில் வைக்கும். அவர் தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுப்பார்.

வாத்தியார் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கதவோரத்தில் அது படுத்த சாக்கு இன்னும் கிடக்கிறது. மகளிடம் சொல்லவில்லை. நாய் இருக்கும் வரைதான் அம்மா தனியாக இருக்கலாம், அப்புறம் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. வீடியோவில் கூப்பிட்டு, உதடு தெரிய நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"வாத்தியார் எங்கம்மா?"

"வெளில போயிருக்கு. அதுக்கு ஆயிரம் ஜோலி."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

"உன்ன மாதிரிதான். வீடு தங்குதா?"

மகள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

முதலில் பால் சட்டி அடியோடு கருகியது. பிறகு, தைத்து மாட்டியிருந்த சட்டை ஒன்று ஹேங்கரோடு காணாமல் போனது. அவர் தைத்துக்கொண்டிருக்கும்போதே, முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, எடுத்துப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து கதவைத் தாழிட்டார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் வந்து முகத்தைக் காட்டினாள்.

"தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சுக்கா. வேற குட்டி கொண்டாரட்டுமா?"

"அதென்ன பட்டனா, விழுந்தா இன்னொன்னு தைக்க?"

"அப்ப மிஷினையாவது திருப்பிப் போடுங்க."

"வெளிச்சம் வேணாமா?" என்று குனிந்துகொண்டார். திருப்பிப் போட்டால் அந்தச் சாக்கு நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மதியம் பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மோட்டாரின் அதிர்வு உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. குதிகாலில் ஈரம் பட்டது. சின்னதாக, குளிர்ச்சியாக.

"யாருடா வந்திருக்கா?" என்று காலை எடுத்துத் திரும்பினார்.

கதவு தாழிட்டபடியே இருந்தது. சாக்கு நனைந்து கருத்திருந்தது. காலையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த குளியலறைக் குழாயை மூடவில்லை. தண்ணீர் அறையைக் கடந்து நாற்காலிக்கு வந்துவிட்டது. ஒரு சாண் தள்ளித் தரையில் மிஷினின் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தது.

இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டு, மர அளவுகோலை எட்டி நீட்டிச் சுவர் சுவிட்சை அணைத்தார். முதல் தடவை தவறியது. குழாயை மூடிவிட்டு வந்து, நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டார்.

"வாத்தியார் செத்துப்போச்சு."

மகள் திரைக்கு நெருங்கி வந்தாள். "எப்பம்மா?"

"ஒரு மாசமாகப் போகுது."

"அப்ப இத்தன நாளா அந்த வீட்டுல என்னதாம்மா நடந்துட்டிருந்துச்சு?"

அவர் கதவையே பார்த்தார்.

"தெரியல. எனக்குத்தான் எதுவும் கேக்காதே. வந்து கூட்டிட்டுப் போ."