ஹஜ்ஜுக்கு முன் ஒரு டவுன்லோடு

ஃப்ரீமான்ட்டில் என்னுடன் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்த நசுருதீன் பாய், 2006 டிசம்பரில் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுவது ஹஜ் போகிறவர்களின் வழக்கம். ஒரு வாரமாக ஹெட்செட்டும் தலையுமாகவே அலைந்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மாப்பு பண்ணிடுங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்தார்கள். அவருடன் வேலை பார்த்த ஜலஜாவும்தான். "நீங்க என்ன பாய் தப்பு பண்ணீங்க? நல்லபடியா போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகு பாய் யாரையும் கூப்பிடவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

"என்ன பாய், அதுக்குள்ள ஊரே மன்னிச்சிடுச்சா?" என்று கிண்டல் செய்தேன்.

"எதை மன்னிச்சாங்கன்னு ஜலஜாவுக்கே தெரியாதுடா."

பிறகுதான் சொன்னார். ஓர் ஆஸ்பத்திரிக்காக எழுதிய ஜாவா அப்ளிகேஷன். நோயாளி பட்டனை அழுத்தினால் அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் டவுன்லோடு ஆகும். அந்தப் பகுதி பாய் எழுதியது. யாருக்கு எந்த ஃபைல் என்பதை ஆளுக்கு ஆள் தனியாக வைக்காமல், எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்துவிட்டார். ஒருவர் மட்டும் அழுத்தினால் சரியாக வரும். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால், ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்விடும். டெஸ்ட் செய்த ஜலஜா தனியாக உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது.

ஒரு நாள் ஓர் அம்மாளுக்கு வேறு யாருடைய ரிப்போர்ட்டோ இறங்கியது. டெஸ்டிங் சரியில்லை என்று மீட்டிங்கில் முடிவானது. பாய் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு வரியை இடம் மாற்றி, 'சிறு திருத்தம்' என்று குறிப்பு எழுதி ப்ரோகிராமைச் சரிசெய்துவிட்டார். ஜலஜாவின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த பயம் என்னவென்றும் தெரியும். எங்கள் இரண்டு வீட்டிலும் முதல் பட்டதாரி நாங்கள்தான். ஒரு தப்பை ஒத்துக்கொண்டால் பட்டத்தையே திருப்பிக் கேட்பார்கள் என்பதுபோல ஒரு நடுக்கம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

"நேர்ல போய் சொல்லிடலாம் பாய். நான் ட்ரைவ் பண்றேன்."

பிளசன்டனில் இருந்த தன் வீட்டில் ஜலஜா டீ கொண்டுவந்து வைத்தார். பாய் கப்பைத் தொடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஜலஜா தன் கப்பைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "அந்த மீட்டிங்ல என் பக்கத்து சேர்லதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"எனக்குத் தண்ணி பாட்டிலை நகர்த்தி வெச்சீங்க. 'ஃபீல் பண்ணாதீங்க'ன்னு வேற சொன்னீங்க."

பாய் லேப்டாப்பைத் திறந்தார். தப்பு தன்னுடையது, ஜலஜாவுடையது அல்ல என்று மேனேஜருக்கு மெயில் எழுதி, ஜலஜாவின் கண் முன்னாலேயே அனுப்பினார்.

"இதனால என் வேலை திரும்பி வராது பாய்."

"தெரியும். என்னை மாப்பு..."

"போன்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். போயிட்டு வந்து கேளுங்க. அப்ப பாக்கலாம்."

பாய் தலையாட்டினார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் பாய்தான் ஆரம்பித்தார்.

"மன்னிக்கலையேடா."

"டீ கொடுத்தாங்களே பாய்."

"அது நான் சொல்றதுக்கு முன்னாடி போட்ட டீடா."