குளிரறைக் கதவில் விழுந்த தட்டு

தலைவன் என்றால் குரல் என்று நம்பியவன் நான். அடிவயிற்றிலிருந்து எழும் குரல், அதற்கேற்ற ஒரு சட்டை, பேசி முடித்ததும் கொஞ்சம் மௌனம். இவ்வளவும் இருந்தால் ஆட்கள் தாமாகவே பின்னால் வருவார்கள் என்று நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிப் பட்டறையில் சொல்லித் தந்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால் மற்றதையும் நம்பிவிட்டேன்.

தன்னாமுனைக்கும் ஏறாவூருக்கும் இடையில், வாவிக் கரையோரமாக இருக்கிறது நான் வேலை செய்யும் இறால் பதனிடும் கொம்பனி. பெரியண்ணன் என்று எல்லாரும் கூப்பிட்ட மேற்பார்வையாளர் நெஞ்சுவலியில் இறந்துபோன பிறகு அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. நாற்காலி மட்டும்தான் வந்தது. அவருடைய தேநீர்க் கோப்பையை யாரும் பாவிக்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள், மறுநாள் மறுபடியும் கழுவினார்கள். நான் ஏதாவது சொன்னால் இறால் உரிக்கும் பெண்கள் என் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்ப்பார்கள். அங்கே ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் குளிரறையின் விளக்குச் சுவிட்ச் மட்டுமல்ல, கதவின் தாழ்ப்பாளும் வெளியேதான் இருக்கிறது. அதை உள்ளேயிருந்து விலக்கும் பிடி உடைந்து கனகாலம். புதுப் பிடி வருகிறது, வருகிறது என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் பெரியண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் ஐஸ் உடைக்கும் இரும்புக் கடப்பாரையான அலவாங்கைத் தலைகீழாகப் பிடித்துக் கதவில் தட்டுவார். கனத்த கதவு, குரல் போகாது, இரும்புச் சத்தம் போகும். காத்து நிற்பார். மறுபடி தட்டுவார். உள்ளே யாராவது இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். பதில் இல்லாவிட்டாலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார். பிறகு கடைசிச் சைக்கிள் வெளியே போகும்வரை கேற்றடியில் நிற்பார்.

அலவாங்கோடு நிற்கும் தலைவனைப் பட்டறையில் எங்களுக்குக் காட்டவில்லை. ஆகவே வேலை முடிந்த கையோடு நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் முதல் ஆளாகப் புறப்படுவேன். குளிரறையை யார் பூட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை. யாரோ பூட்டினார்கள்.

அது ஒரு மாரிகாலத்துப் பின்னேரம். மறுநாள் கூட்டத்தில் எல்லாரையும் எழுச்சிகொள்ள வைக்கும் உரை ஒன்று நான் ஆற்ற இருந்தேன். வீட்டில் ஒத்திகை பார்த்தால் மனைவி சிரிக்கிறாள். என் கந்தோர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். யார் காதிலும் விழாத இடம் கொம்பனியில் ஒன்றுதான். அன்று வேலை முடிந்தும் புறப்படாமல், ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இறால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, "அன்பான சக ஊழியர்களே" என்றேன். வாயிலிருந்து புகை வந்தது. பெட்டிகள் என்னை மதித்தன.

விளக்கு அணைந்தது.

டங்.

ஒரு மூச்சு விடும் நேரம்.

டங்.

அந்த இரும்பு, அந்த இடைவெளி. பெரியண்ணனோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த சத்தம். மந்திரம் போட்டு வெளியூர்க்காரரைப் பாயோடு ஒட்டவைத்துவிடும் ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்த ஊர்க்காரன் இறால் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பேய் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். தட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்துமா? பொருந்தும் என்று முடிவெடுத்தேன். பதவிக்கு வந்து நான் தயங்காமல் எடுத்த முதல் முடிவு அது. மூச்சைக்கூட அடக்கினேன். அவர் என்ன கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். 'என் நாற்காலியில் இருக்கிறாயே, ஒருநாளாவது கதவைத் தட்டினாயா?' என்று கேட்கத்தான்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஆவிக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று புத்தி கேட்டபோது நேரம் கடந்திருந்தது.

கத்தினேன். அடிவயிற்றுக் குரல் தகரத்தில் மோதி என்னிடமே திரும்பி வந்தது. கையால் அடித்தேன். வெளியே இயந்திரத்தின் உறுமல் அதையும் விழுங்கியது. முதலில் காதுகள் என்னுடையவையாக இல்லாமல் போயின, பிறகு விரல்கள். விடியும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். என்னைத் தேடவும் மாட்டார்கள். நான்தானே முதல் ஆளாகப் போகிறவன். அந்த இருட்டில் பெரியண்ணன் எனக்குப் பக்கத்தில் நிற்பதாகவே இருந்தது. நான் அவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன்.

"அண்ணன், இன்னொருக்காத் தட்டுங்க. இந்த முறை பதில் தாறன்."

தட்டவில்லை. கதவு திறந்தது. அலவாங்கோடு நின்றது ஏறாவூரிலிருந்து வரும் ராத்தா. இறால் உரிக்கும் பெண்களில் மூத்தவர், எங்கள் எல்லாருக்கும் அக்கா. பின்னால் குடையோடு காவல்காரர்.

"யா அல்லாஹ்! சேர், உள்ளுக்கா இரிந்தீங்க? தட்டினனே, கேக்கல்லியா?"

"கேட்டது."

"கேட்டா ஏன் திருப்பித் தட்டல்ல?"

"பெரியண்ணன் எண்டு நினைச்சிட்டன், ராத்தா."

காவல்காரர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. "ஆவி எண்டாலும் மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டியிரிக்கலாமே, சேர்!"

ராத்தா சிரிக்கவில்லை. அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அவர் எண்டா துறந்து எட்டியும் பாத்திரிப்பார். எனக்கு பஸ்ஸுக்கு நேரம் போகுதெண்டு நான் பாக்கல்ல. கேற்றடியில எல்லாச் சைக்கிளும் போய், உங்கட மோட்டச் சைக்கிள் மட்டும் மழையில நிக்கிது. அது நிக்கல்லாட்டி நான் போயிரிப்பன், சேர்."

மறுநாள் உரை நடக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது. பின்னேரம் ராத்தாவிடம் அலவாங்கைக் கேட்டு வாங்கினேன். தட்டினேன். தட்டிய கையோடு தாழ்ப்பாளுக்குப் போனேன்.

"பொறுங்க சேர்," என்றார் ராத்தா. "உள்ளுக்கு இரிக்கிறவன் பயந்தாங்கொள்ளியா இரிந்தா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் தோளுக்கு மேலால் அல்ல, என்னைப் பார்த்து. நின்றேன். மறுபடி தட்டினேன். திறந்து பார்த்தேன். பெட்டிகள் மட்டும் இருந்தன.

பேய் ஒன்றும் வரவில்லை. பெரியண்ணனை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதவைத் தட்டியது ராத்தாதான். அந்தச் சத்தம் எழும் நேரத்தில் நான் எப்போதும் தன்னாமுனையைத் தாண்டியிருப்பேன்.